சுவர் யாருடையது? ஹாங்காங்கின் தடுப்புச் சுவர் விதிகள்

ஹாங்காங்கின் மேட்டுத் தெருக்களில் நடப்பவர்கள் சாலையோரக் கருங்கல் சுவர்களில் ஒரு சின்னப் பலகையைப் பார்க்கலாம். அதில் எழுத்தும் எண்ணுமாக ஒரு பதிவுக் குறி இருக்கும். முன்பாதி, அந்த இடம் எந்த வரைபடத் தாளில் வருகிறது என்பதைச் சொல்லும். பின்பாதியில் 'சி' இருந்தால் மலையை வெட்டிய சரிவு, 'எஃப்' இருந்தால் மண் கொட்டி நிரப்பிய சரிவு, 'ஆர்' இருந்தால் மண் சரியாமல் தாங்கிப் பிடிக்கும் தடுப்புச் சுவர். இப்படிச் சுமார் 60,000 சரிவுகளும் சுவர்களும் அரசுப் பதிவேட்டில் இருக்கின்றன. வாக்காளர் பட்டியல் போல, பொதுவாக 3 மீட்டரைத் தாண்டிய ஒவ்வொரு சுவருக்கும் அங்கே ஒரு வரி உண்டு. யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம்.

தடுப்புச் சுவர் விதி என்றால் உலகின் பெரும்பாலான ஊர்களில் மூன்று கேள்விகள்தான். எவ்வளவு உயரம்? யார் வடிவமைத்தார்? அனுமதி வாங்கினீர்களா? மூன்றும் சுவர் கட்டும் நாளோடு முடிந்துவிடுபவை. ஹாங்காங்கும் நெடுங்காலம் இந்த மூன்றோடுதான் நின்றது. கட்டி முடித்த சுவரை யார் பார்த்துக்கொள்வது, அதன் பின்னால் தேங்கும் தண்ணீர் எங்கே போகும் என்ற இரண்டு கேள்விகளும் விதிக்குள் நுழைய நூற்றுக்கணக்கான உயிர்கள் போக வேண்டியிருந்தது.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். ஹாங்காங்கின் பரப்பு சுமார் 1,100 சதுர கிலோமீட்டர். அதில் அறுபது சதவீதத்துக்கும் மேல் மலைப்பாங்கு. ஆண்டு மழை ஏறக்குறைய 2,400 மில்லிமீட்டர், பெரும்பகுதி மே முதல் செப்டம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். அடியில் கிரானைட்டும் எரிமலைப் பாறையும். வெப்பமும் ஈரமும் சேர்ந்து அந்தப் பாறையைப் பல இடங்களில் பத்துப் பதினைந்து மீட்டருக்கும் கீழே வரை மக்கவைத்துவிட்டன. பார்த்தால் பாறை போலவே தெரியும், கையில் எடுத்தால் உதிரும். இந்த மண்ணிடம் ஒரு ஏமாற்று குணம் உண்டு. உலர்ந்திருக்கும்போது துகள்களுக்கு இடையே உள்ள கொஞ்ச ஈரம் அவற்றை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. அதனால் செங்குத்தாக வெட்டினாலும் வருடக்கணக்கில் நிற்கும். நல்ல மழை உள்ளே இறங்கிவிட்டால் அந்தப் பிடி போய்விடும். இருபது வருடம் அசையாத சரிவு ஒரே ராத்திரியில் கீழே வருவது இப்படித்தான்.

சமதளம் இல்லாத ஊரில் வீடு கட்ட மலையைப் படிக்கட்டாக வெட்ட வேண்டும். மேல்பக்கம் வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டி நிரப்புவார்கள். ஒவ்வொரு படிக்கும் முன்னாலும் பின்னாலும் ஒரு சுவர் தேவை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே ஹாங்காங் தீவின் வடக்குக் கரை இப்படித்தான் வளர்ந்தது. அந்தக் காலக் கல்தச்சர்கள் அடுக்கிய கருங்கல் சுவர்கள் இன்றும் நிற்கின்றன.

சுவர் உயர உயர மண்ணின் தள்ளுவிசை நேர் விகிதத்தில் கூடுவதில்லை. உயரம் இரண்டு மடங்கானால் தள்ளுவிசை நான்கு மடங்கு. சுவரைக் குப்புறக் கவிழ்க்கப் பார்க்கும் திருப்பு விளைவோ எட்டு மடங்கு. 'போன தடவை ஒன்றரை மீட்டர் கட்டினோம், ஒன்றும் ஆகவில்லை, இந்தத் தடவை மூன்று மீட்டர்' என்று நினைப்பவர் மாட்டிக்கொள்வது இந்தக் கணக்கில்தான். பல நாட்டு விதிகள் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் பொறியாளர் கட்டாயம் என்று கோடு போடுவதற்கும் இதுவே காரணம். அப்புறம் தண்ணீர். சுவருக்குப் பின்னால் மேல்மட்டம் வரை தண்ணீர் நின்றுவிட்டால், உலர்ந்த மண் தள்ளுவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விசை சுவர்மேல் விழும். கணக்குப் போட்ட பொறியாளர் தண்ணீர் வடிந்துவிடும் என்று எடுத்துக்கொண்டிருந்து, தண்ணீர் வெளியேறச் சுவரில் விடும் வடிதுளைகள் அடைத்துப் போயிருந்தால், காகிதத்தில் இருக்கும் சுவரும் மண்ணைத் தாங்கும் சுவரும் வேறு வேறு.

1925 ஜூலை 17 அன்று, கனமழைக்குப் பிறகு, போ ஹிங் ஃபாங் என்ற இடத்தில் ஒரு தடுப்புச் சுவர் சரிந்து கீழே இருந்த வீடுகளை அடித்துக்கொண்டு போனது. 75 பேர் இறந்தார்கள். ஊரறிந்த வணிகப் பிரமுகர் சௌ சியு-கி அவர்களில் ஒருவர். ஏழை எளியவர்களின் குடிசைப் பகுதியில் மட்டும் நடக்கும் விபத்து இது என்று யாரும் சொல்ல முடியாதபடி நடந்தது. அப்படியும் விதிகள் பெரிதாக மாறவில்லை. அதற்குப் பின்னும் பல பத்தாண்டுகள் சரிவுகளை அனுபவக் கணக்கில்தான் வெட்டினார்கள். பத்தடி உயரத்துக்கு ஆறடி உள்வாங்கினால் போதும் என்பது வழக்கம். மண் எப்படி, தண்ணீர் மட்டம் எங்கே என்ற கேள்வியே இல்லாமல் எல்லா மலைக்கும் ஒரே அளவு. நிரப்பிய மண்ணை அழுத்திக் கெட்டிப்படுத்தும் பழக்கமும் இல்லை, லாரியிலிருந்து கொட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

1972 ஜூன் 16 முதல் 18 வரை மூன்று நாளில் சுமார் 650 மில்லிமீட்டர் மழை பெய்தது. 18ஆம் தேதி பகலில் கவுலூனின் சாவ் மாவ் பிங்கில் நிரப்புச் சரிவு ஒன்று கரைந்து, கீழே இருந்த குடியிருப்பை மூடி 71 பேரைக் கொன்றது. அன்று இரவே ஹாங்காங் தீவில் போ ஷான் சாலைக்கு அருகே மலைச்சரிவு இறங்கி, 12 மாடிக் கட்டடம் ஒன்றைச் சாய்த்தது. அங்கே 67 பேர். ஒரே நாள், இரண்டு இடம், 138 உயிர். நான்கு வருடம் கழித்து, 1976 ஆகஸ்டில், அதே சாவ் மாவ் பிங்கில் இன்னொரு நிரப்புச் சரிவு இறங்கி 18 பேர் இறந்தார்கள். முதல் விபத்தைவிட இந்த இரண்டாவதுதான் அரசை அதிகம் அசைத்தது என்று நினைக்கிறேன். முதல் தடவை மழைமேல் பழி போடலாம். அதே இடத்தில் மறுபடி நடந்தால் யார்மேல் போடுவது?

1976 விபத்தை ஆராய்ந்த வல்லுநர் குழுவின் பரிந்துரைப்படி 1977இல் புவிப் பொறியியல் கட்டுப்பாட்டு அலுவலகம் தொடங்கப்பட்டது. பெயர் பின்னால் கொஞ்சம் மாறினாலும் வேலை அதேதான். ஹாங்காங்கில் யார் மலையை வெட்டினாலும், சுவர் எழுப்பினாலும், கணக்கை இந்த அலுவலகம் தனியாகச் சரிபார்க்கும். தனியார் நிலத்தில் கட்டுபவர் வரைபடங்களைக் கட்டடத் துறையிடம் கொடுக்க வேண்டும், அங்கிருந்து அவை இவர்களிடம் வரும். இதில் கவனிக்க வேண்டியது, ஒப்புதல் இரண்டு கட்டமாக வருகிறது என்பது. வரைபடத்துக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது என்று மண்வெட்டியை எடுக்க முடியாது. வேலையைத் தொடங்கத் தனியாக ஓர் இசைவு வாங்க வேண்டும். மண் வேலைக்கென்று பதிவு பெற்ற ஒப்பந்ததாரர்தான் செய்யலாம். கட்டமைப்புப் பொறியாளர் தவிர, பெரிய சரிவு வேலைகளுக்குப் பதிவு பெற்ற புவிப் பொறியாளரும் கையெழுத்துப் போட வேண்டும். தோண்டும்போது எதிர்பார்க்காத மண் வந்தால் வடிவமைப்பை மாற்ற வேண்டுமா என்று பார்ப்பது அவர் பொறுப்பு. தடுப்புச் சுவர் வடிவமைப்புக்கென்றே 1982இல் ஒரு வழிகாட்டி நூலை அந்த அலுவலகம் வெளியிட்டது, 1993இல் திருத்தினார்கள்.

கிராமப் பகுதிகளுக்குக் கொஞ்சம் தளர்வு உண்டு. நியூ டெரிட்டரீஸில் பரம்பரைக் கிராமவாசிகள் கட்டும் மூன்று மாடிச் சிறு வீடுகளுக்குக் கட்டடச் சட்டத்தின் முழு நடைமுறையும் கிடையாது. ஆனால் நிலம் சரிவாக இருந்தால் வீட்டுக்குக் கிடைக்கும் விலக்கு மண் வேலைக்குத் தானாகக் கிடைத்துவிடாது. அதற்குத் தனிச் சான்று வேண்டும்.

சரி, புதுச் சுவர்களுக்கு இவ்வளவு கட்டுப்பாடு. 1977க்கு முன்னால் கட்டிய ஆயிரக்கணக்கான சுவர்களை என்ன செய்வது? அவை விதி பிறப்பதற்கு முன்பே பிறந்தவை. வரைபடம் கிடையாது, கணக்கு கிடையாது, பல சுவர்களைக் கட்டியவர் யார் என்பதே தெரியாது. அரசு அந்த ஆண்டே ஒரு பட்டியல் தயாரித்து, ஆபத்தானவற்றைத் தன் செலவில் வலுப்படுத்தும் திட்டத்தைத் தொடங்கியது. ஆனால் பட்டியல் முழுமையாக இல்லை, பட்டியலில் இருந்தவற்றின் ஆய்வும் பல நேரம் மேலோட்டமாக இருந்தது. அதன் விலை 1994இல் தெரிந்தது.

1994 ஜூலை 23 இரவு, கென்னடி டவுன் அருகே குவான் லுங் லாவ் குடியிருப்புக்குக் கீழே இருந்த ஒரு பழைய கருங்கல் சுவர் விழுந்தது. ஐந்து பேர் இறந்தார்கள். குடியிருப்பு 1960களில் வந்தது, சுவர் அதற்கும் பல பத்தாண்டுகள் மூத்தது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகப் பேராசிரியர் நார்பர்ட் மார்கன்ஸ்டர்னை அழைத்து ஆராயச் சொன்னார்கள். அவர் கண்டது இரண்டு விஷயம். ஒன்று, அந்தச் சுவர் எல்லோரும் நினைத்திருந்ததைவிட மெல்லியது. முந்தைய ஆய்வுகள் அது தடிமனான சுவர் என்று எடுத்துக்கொண்டு, பத்திரமாக இருக்கிறது என்று முடிவு செய்திருந்தன. முன்முகத்தைப் பார்த்து ஒரு கருங்கல் சுவரின் தடிமனைச் சொல்ல முடியாது. முன்னால் கச்சிதமாகச் செதுக்கிய கல் இருக்கும், பின்னால் கால் மீட்டரா இரண்டு மீட்டரா என்பது துளைத்துப் பார்த்தால்தான் தெரியும். தடிமனான சுவர் விழுவதற்கு முன் உப்பும், விரிசல் விடும், யாராவது கவனிக்கலாம். மெல்லிய கல் சுவர் அப்படி முன்னறிவிப்புக் கொடுப்பதில்லை, சட்டென்று உடைந்துவிடும். இரண்டாவது, சுவருக்குப் பின்னால் புதைந்திருந்த கழிவுநீர், மழைநீர்க் குழாய்கள் ஒழுகிக்கொண்டிருந்தன. மழை ஈரத்தோடு குழாய் ஈரமும் சேர்ந்து மண்ணை ஊறவைத்திருந்தது.

இந்த இரண்டாவது விஷயம் விதிகளின் போக்கையே திருப்பியது. அதுவரை சரிவும் சுவரும் புவிப் பொறியாளரின் கவலை, குழாய் என்பது பிளம்பரின் கவலை. இரண்டுக்கும் இடையே யாரும் இல்லை. இன்று கட்டடச் சட்டத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. சுவருக்கு மேலே அல்லது உள்ளே புதைந்த குழாய்கள் ஒழுகுகின்றனவா என்று சோதித்துப் பழுது பார்க்கும்படி உரிமையாளருக்கு உத்தரவு போடலாம். சுவர் சாய்ந்திருக்க வேண்டும், விரிசல் விட்டிருக்க வேண்டும் என்பதில்லை. குழாய் சந்தேகத்துக்குரியதாக இருந்தாலே போதும். ஹாங்காங்கில் கசிவைக் கண்டுபிடிக்க ஒரு வசதியும் உண்டு. அங்கே பெரும்பாலான வீடுகளில் கழிப்பறைக்குக் கடல்நீர்தான் ஊற்றுகிறார்கள். சுவரின் வடிதுளையில் வழியும் தண்ணீர் உப்புக் கரித்தால், அது மழை இல்லை, ஏதோ ஒரு குழாய் உள்ளே உடைந்திருக்கிறது என்று சந்தேகப்பட இடம் உண்டு. மழையே இல்லாத வாரத்தில் துளை ஈரமாக இருந்தாலும் அப்படித்தான்.

குவான் லுங் லாவுக்குப் பிறகு பட்டியலைப் புதிதாக எடுத்தார்கள். பழைய வரைபடங்கள், வானிலிருந்து எடுத்த படங்கள், நேரடி ஆய்வு எல்லாம் சேர்த்து, 1990களின் கடைசியில் அது ஐம்பதாயிரத்தைத் தாண்டியது. அதோடு நிலத்துறை இன்னொரு வேலையைச் செய்தது, என் பார்வையில் பொறியியலைவிடக் கடினமான வேலை. ஒவ்வொரு சுவருக்கும் பராமரிப்புப் பொறுப்பு யாருக்கு என்று ஒவ்வொன்றாகத் தீர்மானித்தார்கள்.

இது ஏன் கடினம் என்றால், ஹாங்காங்கில் நிலம் ஏறக்குறைய முழுக்க அரசுடையது. மற்றவர்கள் குத்தகைதாரர்கள்தான். குத்தகைப் பத்திரங்களில் பழைய நிபந்தனைகள் புதைந்து கிடக்கும். 'இந்த மனைக்கு வெளியே வரைபடத்தில் கோடிட்டுக் காட்டிய சரிவையும் மனைக்காரரே பராமரிக்க வேண்டும்' என்பது அவற்றில் ஒன்று. அந்த மனையில் பின்னால் முப்பது மாடி எழும்பி, நூறு குடும்பங்கள் வீடு வாங்கியிருப்பார்கள். பதினெட்டாவது மாடியில் குடியிருப்பவர், தெருமுனையில் இருக்கும் பத்து மீட்டர் கருங்கல் சுவரில் தனக்கும் பங்கு இருக்கிறது என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார். சரிவைச் சீரமைக்கச் சொல்லிக் கட்டடத் துறையிடமிருந்து 'ஆபத்தான சரிவு உத்தரவு' வந்து, உரிமையாளர் சங்கம் ஆளுக்கு இவ்வளவு என்று கேட்கும்போதுதான் தெரியும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் அங்கே வீடு வாங்குவதற்கு முன் சதுர அடி விலையைப் பார்ப்பது போலவே அந்த மனையோடு எந்தச் சுவர் ஒட்டிக்கொண்டு வருகிறது என்றும் இணையத்தில் பார்த்துவிடுகிறார்கள்.

அந்த உத்தரவு வந்தால் தட்டிக்கழிக்க முடியாது. குறித்த காலத்துக்குள் பொறியாளரை வைத்து ஆய்வு செய்து, சீரமைப்புத் திட்டம் கொடுத்து, வேலையை முடிக்க வேண்டும். செய்யாவிட்டால் அபராதம், சிறை இரண்டுக்கும் சட்டத்தில் இடம் உண்டு. அரசே ஆள் வைத்து வேலையைச் செய்துவிட்டுச் செலவைக் கூடுதல் கட்டணத்தோடு வசூலிக்கவும் செய்யும். அது சொத்தின்மேல் கடனாக ஏறும், கட்டி முடிக்காமல் வீட்டை விற்பது கஷ்டம்.

உத்தரவு வரும்வரை காத்திருக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்பதையும் புவிப் பொறியியல் அலுவலகத்தின் பராமரிப்பு வழிகாட்டி எழுதிவைத்திருக்கிறது. வருடத்துக்கு ஒரு முறை சாதாரணப் பராமரிப்பு ஆய்வு, பொதுவாக ஐந்து வருடத்துக்கு ஒரு முறை தகுதி பெற்ற பொறியாளரின் ஆய்வு. மழைக்காலம் தொடங்குவதற்கு முன், அதாவது ஏப்ரலுக்குள், பழுதுகளை முடித்துவிட வேண்டும். அந்த ஆண்டு ஆய்வில் செய்வதைப் பார்த்தால் பொறியியல் போலவே இருக்காது. வடிகாலில் கிடக்கும் சருகை அள்ளுவது, வடிதுளைக்குள் கம்பி விட்டுக் குத்துவது, விரிசல்களைப் பூசுவது, பிடுங்க வேண்டிய செடிகளைப் பிடுங்குவது. ஒரு காவலாளியும் ஒரு துப்புரவாளரும் அரை நாளில் செய்துவிடக்கூடிய வேலை. செய்யாமல் விட்டால் லட்சக்கணக்கில் செலவு வைப்பதும் இதுதான்.

செடி என்றதும் மரம் நினைவுக்கு வருகிறது. ஹாங்காங்கின் பழைய கல் சுவர்களில் ஆல் இனத்து மரங்கள் செங்குத்தாக முளைத்து, வேரை வலை போலச் சுவர் முழுக்கப் படரவிட்டு நிற்கின்றன. பறவைகளும் வௌவால்களும் போட்ட விதைகள் கல் இடுக்குகளில் விழுந்து வளர்ந்தவை, சிலவற்றுக்கு நூறு வயதுக்கு மேல் இருக்கும். சாந்து பூசாமல் கல்லை அடுக்கிய சுவரில் இடுக்குகள் திறந்திருக்கும், அவற்றின் வழியே தண்ணீர் தானாக வடியும். அதே இடுக்கில்தான் விதையும் பிடிக்கிறது. சுவர் பழசாகத் தெரிகிறதே என்று நல்லெண்ணத்தில் யாராவது முகம் முழுக்க சிமென்ட் பூசி மெழுகிவிட்டால், பார்க்கப் பலமாக இருக்கும், தண்ணீர் உள்ளேயே நின்றுவிடும். அதனால் இடுக்குகளை அடைத்தால் வடிதுளைகள் கட்டாயம்.

ஆபத்தான கல் சுவரை வலுப்படுத்த எளிய வழி, முன்னால் கான்கிரீட் சுவர் ஒன்றை ஒட்டிக் கட்டுவது. அப்படிச் செய்தால் மரம் போய்விடும். மரத்தை வைத்துக்கொள்ள வேண்டுமானால் சுவரைத் துளைத்து நீண்ட எஃகுக் கம்பிகளை மண்ணுக்குள் செலுத்தி, சாந்து நிரப்பித் தைக்க வேண்டும், வேரில் படாமல். செலவு அதிகம், வேலை மெதுவாகத்தான் நகரும். கென்னடி டவுனில் மெட்ரோ நிலையம் வந்தபோது ஃபோர்ப்ஸ் தெருச் சுவர் மரங்களைக் காப்பாற்றுவதற்காக வடிவமைப்பையே மாற்றினார்கள். ஆனால் 2015 ஜூலையில் பான்ஹம் சாலையில் ஒரு சுவர் மரம் பெயர்ந்து விழுந்ததும், அதே சுவரில் மிஞ்சியிருந்த நான்கு மரங்களையும் ஆகஸ்டில் வெட்டிவிட்டார்கள். வெட்டியது அவசர முடிவு என்று மரத்தைக் கவனிப்பவர்கள் சண்டை போட்டார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. ஒரு மரம் சுவரைப் பிடித்து வைத்திருக்கிறதா, பிளந்துகொண்டிருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. சந்தேகம் வந்தால் கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி எந்தப் பக்கம் சாய்வார் என்பது தெரிந்ததுதானே.

இத்தனை விதிக்கும் பலன் இருந்ததா? இருந்தது. 1977 முதல் 2010 வரை நடந்த அந்த வலுப்படுத்தும் திட்டத்தின் முடிவில், பழைய செயற்கைச் சரிவுகளால் வரும் மொத்த ஆபத்து தொடக்கத்தில் இருந்ததில் கால் பங்காகக் குறைந்துவிட்டது என்று அரசு கணக்குச் சொன்னது. 1972ஐப் போல ஒரே நாளில் நூற்றுக்கும் மேற்பட்டோர் சாகும் நிலை திரும்பவில்லை. சரிவுகள் நின்றுவிட்டன என்று அர்த்தமில்லை. வருடத்துக்குச் சுமார் முந்நூறு சின்னதும் பெரியதுமாக நடந்துகொண்டுதான் இருக்கின்றன.

2023 செப்டம்பர் 7 இரவு 11 மணியிலிருந்து 12 மணிக்குள் ஹாங்காங் வானிலை மையத்தில் 158.1 மில்லிமீட்டர் மழை பதிவானது. 1884இல் பதிவுகள் தொடங்கியதிலிருந்து ஒரு மணி நேரத்துக்கான உச்சம் இது. அடுத்த சில நாளில் தை டாம் கடற்கரையோர ரெட்ஹில் பெனின்சுலா என்ற வசதியானவர்களின் குடியிருப்பில் வீடுகளுக்குக் கீழே சரிவு இறங்கியது. என்ன ஆயிற்று என்று பார்க்கப் போன கட்டடத் துறை, அனுமதி இல்லாமல் தோண்டிய அடித்தளங்களையும் நீச்சல் குளத்தையும் கண்டது. அடித்தள அறையைப் பெரிதாக்க, தாங்கிக்கொண்டிருந்த தடுப்புச் சுவரையே இடித்திருந்ததும் தெரியவந்தது. அந்தச் சுவர்கள் முறைப்படி வடிவமைத்து, சரிபார்த்து, ஒப்புதல் வாங்கிக் கட்டியவைதான். யார் பொறுப்பு என்பதிலும் குழப்பம் இல்லை. பொறுப்பானவரே உள்ளே இருந்து குடைந்தால், வெளியே நின்று வருடா வருடம் வடிதுளையைக் குத்திப் பார்க்கும் ஆய்வாளருக்கு அது தெரிய வழியில்லை. அதன் பிறகு துறையின் ஆட்கள் அந்தக் குடியிருப்பின் மற்ற கடலோர வீடுகளுக்குள்ளும் போய்ச் சோதித்தார்கள், வழக்குகள் தொடுக்கப்பட்டன, சட்டமீறிய கட்டுமானங்களுக்கான தண்டனையைக் கூட்டும் வகையில் கட்டடச் சட்டத்தைத் திருத்தும் யோசனைகளை அரசு பொதுமக்கள் முன் வைத்தது.